புள்ளி வைத்தவள் யார்?

போன மார்கழியில் திண்டிவனம் நேரு வீதியில் ஒரு ஃபேன்சி கடையில் கோலப் பலகை ஒன்று வாங்கினேன். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள எம்.டி.எஃப். பலகையில் சிக்குக் கோலத்தை லேசரால் வெட்டியிருந்தார்கள். வாசலில் வைத்து, மேலே மாவைத் தூவி, பலகையைத் தூக்கினால் கோலம் இருக்கும். இரண்டு நிமிட வேலை. எங்கே செய்கிறார்கள் என்று கேட்டேன். "நம்மூரு பையன்தான் மேடம். வூட்டு மாடியிலயே மிஷின் போட்டிருக்கான். செம மூளை" என்றார் கடைக்காரர்.

அந்த மூளையைப் பார்க்கப் போனேன்.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு வீடு. மாடியில் தகரக் கொட்டகை. உள்ளே 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் எந்திரம். பக்கத்து மேசையில் '3018' என்று அழைக்கப்படும் சின்ன சி.என்.சி.; 300க்கு 180 மில்லிமீட்டர் பரப்பில் மரத்தைக் குடைவது. பையன் பொறியியல் படித்தவன். வேலை கிடைக்கிறவரை பொழுதுபோக்காக ஆரம்பித்திருக்கிறான். சாவிக்கொத்து, கல்யாண ஜோடிப் பெயர்ப்பலகை, கொலு அலங்காரம் என்று வளர்ந்து இப்போது விழுப்புரம் கடைகள் வரைக்கும் சரக்குப் போகிறது. எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லித்தந்தான். நல்ல பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை அவனைத் திட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல.

"டிசைன் எல்லாம் யாருடையது?" என்றேன்.

"அம்மா போடுவாங்க மேடம். நோட்டுல இருக்கும். நான் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல டிரேஸ் பண்ணிக்குவேன்."

"தேய்த்து, பெயின்ட் அடித்து, கல் ஒட்டுவது?"

"தங்கச்சியும் பக்கத்து வீட்டு அக்காங்களும். எல்லாரும் ஹெல்ப் பண்ணுவாங்க."

இந்த 'ஹெல்ப்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

*

அந்த அம்மா கீழ்வீட்டில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நோட்டுகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். பதினொரு நோட்டுகள். பென்சில் புள்ளி, பேனாக் கோடு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி: '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8இல் நிறுத்து.'

கோலம் போடத் தெரிந்த பெண்களுக்கு இந்த ஒரு வரி போதும். தெரியாதவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். நடுவில் 15 புள்ளி. அடுத்த வரிசையில் ஒன்று குறைவு. முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வரும்படி தள்ளி வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து, எட்டு வந்ததும் நிறுத்த வேண்டும். மேலேயும் கீழேயும் அப்படியே. மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. எங்கே தொடங்குவது, எத்தனை முறை செய்வது, ஒவ்வொரு முறையும் என்ன மாறும், எப்போது நிற்பது என்று எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கணினிப் பாடம் நடத்தும் என் சகஆசிரியரிடம் காட்டினேன். "இது புரோகிராம்தான்" என்றார்.

இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் 1974இலேயே கோலத்தை வைத்துக் கணினி இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழியின் வாக்கியங்களை விதிகளால் உருவாக்குவதுபோல, கோலங்களையும் சில விதிகளால் உருவாக்கிவிட முடியும் என்று காட்டிய கட்டுரை அது. உலகம் முழுக்கக் கணினி அறிவியல் படிப்பவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதை நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். ராணி சிரோமணி கோட்பாட்டுக் கணினி அறிவியலில் நம் நாட்டின் முன்னோடிகளில் ஒருவர். அவர் பெயரை எந்தப் பள்ளிப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது அந்த மாடிக்கொட்டகை எந்திரத்துக்கு வருவோம். அதற்குப் புரியும் மொழிக்கு ஜி-கோட் என்று பெயர். 'ஜி 0' என்றால் சும்மா நகர்ந்து போ. 'ஜி 1' என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வேலை செய்துகொண்டே போ. 'எம் 3' என்றால் லேசரை எரியவிடு. 'எம் 5' என்றால் அணை. கையில் மாவை எடுத்துக்கொண்டு புள்ளிக்கு நகர்வது, விரல் இடுக்கைத் தளர்த்தி மாவை விடுவது, வளைந்து போவது, விரலை இறுக்கி நிறுத்துவது. வேறென்ன செய்கிறது இந்த எந்திரம்? விழுப்புரம் மாவட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் விடிகாலையில் தரையில் குனிந்துகொண்டு இதைச் செய்கிறவர்களுக்கு மூளை இருப்பதாக எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் அந்த அம்மா சொன்னார். மகன் வெட்டிய முதல் பலகை உதிர்ந்துபோனதாம். காரணம் எளிது. சிக்குக் கோலத்தில் கோடு மூடிக்கொள்ளும். மூடிய கோட்டை முழுக்க வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டு பிடிப்பில்லாமல் கீழே விழும். இடையிடையே சின்னச் சின்னப் பாலம் விட வேண்டும். எங்கே விட்டால் மாவு தூவும்போது இடைவெளி கண்ணுக்குத் தெரியாது? அதைக் காட்டித்தந்தவர் அம்மா. "ரெண்டு கோடு ஒண்ணைத் தாண்டி ஒண்ணு போற எடத்துல வுடுடா, அங்க மாவு சேந்துக்கும்" என்றிருக்கிறார். இன்றுவரை அவர்கள் வீட்டுப் பலகை உதிராததற்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம். இதை வடிவமைப்பு என்று சொல்ல மாட்டோமாம், ஹெல்ப் என்று சொல்வோமாம்.

*

இந்த எந்திரத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். நம் கதை அங்கேயும் இருக்கிறது.

எண்களால் எந்திரத்தை ஓட்டும் முறை அமெரிக்காவில் பிறந்தது. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்யத் தேடிய வழியிலிருந்து தொடங்கி, அமெரிக்க விமானப்படையின் பணத்தில், எம்.ஐ.டி. ஆய்வகத்தில் 1952இல் முதல் எந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் தன் கையால் ஒரு பொருளைச் செய்வார். அவர் கையசைவு நாடாவில் பதிவாகும். பிறகு எந்திரம் அதே அசைவைத் திருப்பிச் செய்யும். இந்த வழியில் அறிவு தொழிலாளியிடமே இருக்கும். அதனால்தான் அது ஓரங்கட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். பட்டறையில் இருக்கும் தொழிலாளியின் திறமையைப் பிடுங்கி, அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவரின் கோப்புக்குள் வைப்பதற்கு எண்வழி எந்திரம் வசதியாக இருந்தது என்பது அவர் வாதம்.

எழுபது வருடம் கழித்துத் திண்டிவனத்துக் கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு நோட்டு போகிறது. கீழே பதினொரு நோட்டு, மேலே ஒரு கோப்புறை. நோட்டுக்கு விலை கிடையாது. கோப்பைத்தான் விழுப்புரத்திலும் விற்கலாம், வெளிநாட்டுக்கும் அனுப்பலாம். கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் 'மேக்கர்'. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் அம்மா.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2005 வாக்கில் இத்தாலியில் ஆர்டுவினோ என்ற மலிவான பலகை வந்தது. 2009இல் அதன்மேல் ஓடக்கூடிய 'ஜி.ஆர்.பி.எல்.' என்ற கட்டற்ற மென்பொருளை ஒருவர் எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தந்தார். லட்சக்கணக்கில் விலை சொன்ன எந்திரத்தின் சின்னத் தம்பி இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறான். எம்.ஐ.டி.க்கு வெளியே உலகின் முதல் 'ஃபேப் லேப்', 2002இல் புனே அருகில் பாபல் கிராமத்து விஞ்ஞான ஆசிரமத்தில்தான் வந்தது. யாரும் எதையும் செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்த இயக்கத்தின் வாக்குறுதி. தொழிற்சாலையிலிருந்து எந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டது, சரி. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

*

'ஹாபி' என்கிறார்கள். பொழுதுபோக்கு. போக்குவதற்குப் பொழுது வேண்டாமா?

2019இல் இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டாருக்காகக் கூலியில்லாமல் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டுவேலை செய்ததாகச் சொன்ன ஆண்களின் கணக்குதான் இது. அப்படிச் சொன்னவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். ஐந்து மணிநேரம் சமையலறையிலும் துணிக்கல்லிலும் போனபிறகு மிஞ்சுகிற பொழுதில் யார் மாடியேறி எந்திரத்தின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருப்பார்?

அந்த வீட்டுத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளங்கலை முடித்தவள். லேசர் வெட்டும்போது ஆள் இல்லாமல் விடக் கூடாது. மரம் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம். அண்ணன் சரக்குக் கொடுக்கப் போகும்போது "மிஷினைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவான். பார்த்துக்கொள்வதுதானே நம் வேலை. பாலைப் பார்த்துக்கொள், குழந்தையைப் பார்த்துக்கொள், மிஷினைப் பார்த்துக்கொள். பார்த்துப் பார்த்து அவள் எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள். வேகம் கூடினால் அடிவரை வெட்டாது, குறைந்தால் ஓரம் கரியும். லென்சில் புகை படிந்தால் வெட்டு அகலமாகும். கண்ணாடியின் திருகைத் திருப்பி ஒளி நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்வதை என் கண்முன்னால் செய்துகாட்டினாள். "உனக்கு இந்த மிஷின் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "ஐயோ, எனக்குத் தெரியாது மேடம், அண்ணன்தான் பாக்கும்" என்றாள். கை சொல்வதை வாய் மறுக்கிறது. இருபத்திரண்டு வருடம் இந்த வாய்க்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

மாடியில் ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தொங்கியது. அது அண்ணனுடையது. புகையை வெளியே தள்ளும் குழாய், கொட்டகையின் பின்பக்கம் வழியாக இறங்கி, துணிக்கல்லுக்கு நேரே திறந்திருந்தது. எம்.டி.எஃப். என்பது மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் கலந்து அழுத்திய பலகை. எரிந்தால் வருவது விறகுப்புகை அல்ல. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்கும் பக்கத்து வீட்டு அக்காக்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தேய்க்கிறார்கள். பலகைக்கு மூன்று ரூபாய். நான் 180 ரூபாய் கொடுத்து வாங்கிய பலகைக்கு.

*

"பெண்களை யார் தடுத்தார்கள்? அவர்களும் வாங்கலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தடுத்தது யார் என்று சொல்கிறேன்.

சட்டம் தடுத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரப் பாகங்களைச் சுத்தம்செய்யவோ, எண்ணெய் போடவோ, சரிசெய்யவோ யாரை விடக்கூடாது என்று அது ஒரு பட்டியல் தந்தது. பெண்கள், சிறுவர்கள். வளர்ந்த பெண்ணும் வளராத பிள்ளையும் ஒரே மூச்சில். ஆபத்து இருந்தால் எந்திரத்துக்குக் காப்புப் போட வேண்டும். அந்தச் சட்டமோ பெண்ணுக்குக் காப்புப் போட்டது. எந்திரத்தைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு ஒரு சம்பளம், அதில் பொருளை வைத்து எடுப்பவருக்கு ஒரு சம்பளம். இன்று திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைகளுக்குத் தினமும் வேன் வேனாகப் பெண்கள் போகிறார்கள். போவது நல்லதுதான், அந்தச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் பெண்ணின் குரலை உயர்த்தியிருக்கிறது. ஆனால் எந்திரம் நின்றுவிட்டால் கூப்பிடப்படுகிறவர் யார் என்று அந்த வேனில் ஏறி ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அரசும் தடுத்தது, கொடுப்பதன் மூலமாக. தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் எந்திரம் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டம் அது. நல்ல திட்டம். அந்த எந்திரத்தால் பிழைத்த பெண்களை எனக்குத் தெரியும்; என் மாணவிகள் பலரின் கல்லூரிக் கட்டணம் அந்த மிதியில்தான் ஓடுகிறது. 2011இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. அவையும் நம் தோளை இறக்கிவைத்தன. ஆனால் பெண்ணுக்கு எந்திரம் என்று யோசித்தவுடன் அரசின் கை துணியையும் மாவையும் தாண்டி ஏன் நீள்வதில்லை? 2016இல் ஒன்றிய அரசு அடல் டிங்கரிங் ஆய்வகங்களைத் தொடங்கி, பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய்வரை தந்து முப்பரிமாண அச்சு எந்திரம் வரை வாங்கவைத்தது. மகளிர் தொழிற்பயிற்சி நிலையம் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது தையல் பிரிவுதான். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகள் அடுத்த வளாகத்தில்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் மொழியில் 'தையல்' என்றாலே பெண். அழகி என்ற பொருளில் பழைய இலக்கியம் முழுக்க வருகிற சொல். பெண் பேச்சைக் கேட்காதே என்று ஔவை சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். ஊசி வேலைக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் இருப்பதை மொழியின் அழகு என்று நான் வகுப்பில் பலவருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்லும்போது நாக்கு கூசுகிறது.

பணம் தடுத்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அதில் ஒரு பைசா தொடாமல் இருபது மாதம் சேர்த்தால் ஒரு சின்ன எந்திரம் வாங்கலாம். அந்தத் தொகை வந்த அன்றே எங்கே போகிறது என்று இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு எந்திரம் எப்படி வந்தது? அம்மாவின் தோடு அடகுக்குப் போய் வந்தது. தங்கைக்காக அதே தோடு அடகுக்குப் போகாது. அது அவள் கல்யாணத்துக்கு இருக்க வேண்டும்.

*

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். "பாருங்கள், நாங்கள் அப்போதே சொன்னோம். எந்திரம் வந்து நம் கலையை அழிக்கிறது. இந்தக் காலத்துப் பெண்களுக்குக் குனிந்து ஒரு கோலம் போட முடியவில்லை, பலகை வாங்குகிறார்கள்." பட்டிமன்றங்களிலும் மார்கழி இதழ்களிலும் இந்தக் குரல் கேட்கும். நான் அந்தக் கட்சி இல்லை. என் சண்டையை அவர்கள் கடன் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

விடிகாலை நாலரை மணிக்குப் பனியில் குனிந்து போடும் கோலம் உடற்பயிற்சி என்றும் அறிவியல் என்றும் பேசுகிற ஆண்கள் அந்த உடற்பயிற்சியைச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு முட்டி வலி. பலகை வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். இதில் எனக்கு ஒரு குற்றவுணர்வும் இல்லை.

கோலத்தின் கணக்கு நம்முடையது என்பதற்காகக் கோலத்தின் கட்டளையையும் நான் கட்டிக்கொண்டு அழ முடியாது. அந்தக் கட்டளை என்ன செய்யும் என்பதை அந்த வீட்டிலேயே பார்த்தேன். பேச்சுவாக்கில் "இந்தப் பொங்கலுக்கு உங்கள் வாசலில் எந்தக் கோலம் போட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அம்மா நோட்டை மூடினார். "நான் வாசலுக்குப் போடறதில்ல டீச்சர். அவங்க அப்பா போயி ஆறு வருஷம் ஆவுது. பொண்ணுதான் போடும்" என்றார்.

பதினொரு நோட்டு நிறையக் கோலம் வைத்திருக்கும் கைக்குத் தன் வாசல் இல்லை. அந்தக் கையின் கோலங்கள்தான் இந்த ஊரின் எத்தனையோ வாசல்களில் பொங்கலன்று விழுகின்றன. சுமங்கலிகள் நம்பி மாவு தூவுகிறார்கள். லேசருக்குத் தாலி தெரியாது. அந்த விஷயத்தில் எந்திரம் நம்மைவிட நாகரிகமானது. மரபு விரட்டிய கையை எந்திரம் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றால் அந்த எந்திரத்துக்கு நான் ஆரத்தி எடுப்பேன். ஆனால் சேர்த்தபோது பெயரைக் கழற்றிவிட்டுச் சேர்த்தது. பலகையின் பின்புறம் முத்திரை இருக்கிறது. மகனின் பெயரில் ஒரு 'கிரியேஷன்ஸ்'.

ஆகவே எந்திரம் வேண்டுமா, கை வேண்டுமா என்பது கேள்வியே அல்ல. எந்திரத்தை எடுத்துப்போய் ஆற்றில் போட்டாலும் அம்மாவின் பெயர் வராது. எந்திரத்தின் முன்னால் யார் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள், யார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

*

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

வீட்டில் எந்திரம் வைத்திருக்கும் தம்பிகளே, கோலம் யாருடையதோ அவர் பெயரைப் பலகையின் முன்பக்கத்தில் வெட்டுங்கள். பத்து எழுத்தை வெட்ட உங்கள் லேசருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் கோலம் ஒவ்வொரு முறை விற்கும்போதும் அவருக்கு ஒரு பங்கு போகட்டும். அம்மா என்பது பங்கு கொடுக்காமல் இருப்பதற்கான காரணம் அல்ல. தேய்க்கிற பெண்களுக்கு முகக்கவசமும், விலையைச் சொல்லிப் பேசிய கூலியும் கொடுங்கள். புகைக்குழாயைத் திருப்பி வையுங்கள். இரண்டாவது கண்ணாடி ஒன்று வாங்குங்கள். அதை மாட்டிக்கொள்கிறவளை 'ஆபரேட்டர்' என்று சொல்லிச் சம்பளம் கொடுங்கள்.

அரசுக்கு: தையல் எந்திரத்துக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். தையலா, சி.என்.சி.யா, லேசரா என்று அவளே குறியிடட்டும். சுயஉதவிக் குழுக்களுக்கு மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் கடன் தருகிறீர்கள். ஐந்து குழுக்களுக்குச் சேர்த்து ஒரு லேசர் எந்திரத்துக்கும், அதைப் பழுதுபார்க்கும் பயிற்சிக்கும் கடன் தரலாம். ஓட்டக் கற்றுத்தந்தால் போதாது. கழற்றி மாட்டக் கற்றுத்தர வேண்டும்.

என்னைப்போன்ற ஆசிரியர்களுக்கு: மகளிர் கல்லூரிகளில் ரங்கோலிப் போட்டி நடத்துவதை ஒரு வருடம் நிறுத்திவைப்போம். அந்தக் காசில் இரண்டாம்கை எந்திரம் ஒன்று வாங்கிப் பொதுவில் வைப்போம். இயற்பியல் துறை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டாம், தமிழ்த்துறைக்கும் சாவி தாருங்கள். எங்கள் மாணவிகளிடம்தான் நோட்டு இருக்கிறது.

மாணவிகளே, உங்களுக்கு: யாரும் எந்திரம் வாங்கித் தரும்வரை காத்திருக்காதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் இலவசம். கல்லூரிக் கணினியிலேயே ஓடும். உங்கள் பாட்டியின் ஒரு கோலத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோடு கோடாக நீங்களே வரையுங்கள். கோப்புக்கு அவர் பெயரை வையுங்கள். பிறகு எந்திரம் இருக்கும் இடத்துக்குப் போய், காசு கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். அங்கே நின்று, என்ன வேகம், என்ன சக்தி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்பார்கள். நோட்டை மூடாதீர்கள். அடுத்தமுறை யாராவது உங்களுக்கு மிஷின் ஓட்டத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசியுங்கள். இந்த ஊரில் தெரியும் என்று சொல்லும் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "பலகையில் உங்கள் பெயரைப் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார். "எம்பேரா? எம்பேரு எதுக்கும்மா?" என்றார்.

அவர் என்னிடம் உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டாரா என்று தெரியாது. ஆனால் அந்த 'எதுக்கு' என்னோடு பேருந்தில் வந்து வீடுவரை ஏறியது. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். 169 புள்ளி வைத்தவர் நீங்கள் அம்மா. அதுக்குத்தான்.